அல்சைமர் மூளை அழற்சிக்குத் தாவரச் சேர்மங்கள்: எது மூளை வரை போய்ச் சேருகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. ஆரம்பநிலை அல்சைமர் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்த நோயில் மூளைக்குள் அழற்சி இருக்கிறது என்றும், குர்குமின், ரெஸ்வெராட்ரால், வல்லாரை, அஸ்வகந்தா போன்றவை அதைக் குறைக்கும் என்றும் பல இடங்களில் படிக்கிறேன். இதில் உண்மை எவ்வளவு? எதையாவது கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்சைமர் மூளையில் அழற்சி இருக்கிறது என்பது உண்மை. நீங்கள் பெயர் சொன்ன சேர்மங்கள் ஆய்வகத்தில், செல்களிலும் சுண்டெலிகளிலும், அந்த அழற்சியைத் தணிக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் இவற்றில் ஏதேனும் ஒன்றை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்து, நினைவாற்றல் சரிவதை நிறுத்தவோ அதன் வேகத்தைக் குறைக்கவோ முடிந்தது என்று பெரிய, முறையான ஆய்வு எதுவும் இதுவரை நிறுவவில்லை. முதல் இரண்டையும் படித்தவர்கள் மூன்றாவதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. கேப்சூல் விளம்பரங்கள் நம்பியிருப்பதும் அந்த எண்ணத்தைத்தான். எனவே ஆய்வகத்துக்கும் நோயாளிக்கும் நடுவில் எந்த இடத்தில் தொடர்பு அறுந்துபோகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், தன்னிடம் சிகிச்சை பெற்று இறந்துபோன அகஸ்டே டேட்டர் என்ற பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே இழை முடிச்சுகளையும் விவரித்தார். படிவுகள் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்கால் ஆனவை, முடிச்சுகள் டௌ என்ற புரதத்தால் ஆனவை என்பதெல்லாம் 1980-களில்தான் தெரியவந்தது. அல்சைமரின் குறிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது: நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களிலும் மாற்றம் தெரிகிறது என்பது. அடுத்த பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறந்த நரம்பு செல்களின் குப்பையை அள்ளுவதற்காகக் கிளியா செல்கள் அங்கே கூடியிருக்கின்றன, அவ்வளவுதான் என்று கருதப்பட்டது.

இந்தப் பார்வையை மாற்றியது மரபணு ஆய்வு. மூளைக்கென்று இருக்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். 1919-ல் ஸ்பெயினைச் சேர்ந்த பியோ டெல் ரியோ ஒர்தேகா அவற்றைத் தனி வகையாக இனங்கண்டார். 2013-ல் வெளியான இரண்டு ஆய்வுகள், ட்ரெம்2 என்ற மரபணுவில் உள்ள ஓர் அரிய மாற்றம் அல்சைமர் வரும் அபாயத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது என்று காட்டின. மூளைக்குள் இந்த மரபணு வேலை செய்வது நரம்பு செல்களில் அன்று, மைக்ரோகிளியாவில். அப்படியென்றால் எதிர்ப்பு செல்களின் நடத்தை நோயின் விளைவு மட்டுமில்லை, நோயின் காரணங்களிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், அழற்சியைத் தூண்டும் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதத் தொகுதி இல்லாதபடி உருவாக்கப்பட்ட சுண்டெலிகளில் அமிலாய்டு படிவு குறைந்தது, நினைவாற்றலும் காப்பாற்றப்பட்டது.

நடப்பது இதுதான். அமிலாய்டு படிவைக் கண்ட மைக்ரோகிளியா அதைச் சூழ்ந்துகொண்டு விழுங்கிச் செரிக்க முயல்கிறது. கூடவே இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்களைச் சுரந்து மற்ற செல்களை எச்சரிக்கிறது. ஒரு புண்ணிலோ தொற்றிலோ இந்த எச்சரிக்கை சில நாட்களில் அடங்கிவிடும். அல்சைமரில் படிவு நீங்குவதே இல்லை என்பதால் எச்சரிக்கையும் ஓய்வதில்லை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இந்தச் சுரப்பு, நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகளைச் சிதைக்கிறது, டௌ முடிச்சுகள் பரவுவதை விரைவுபடுத்துகிறது, அருகிலுள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா செல்களையும் தங்கள் வழக்கமான வேலையை விட்டு விலகச் செய்கிறது.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ட்ரெம்2-இல் அபாயம் தரும் அந்த மாற்றம் மைக்ரோகிளியாவை வெறிகொள்ளச் செய்வதில்லை, மந்தமாக்குகிறது. படிவைச் சூழ்ந்து அடைத்து வைக்கும் வேலையை அது சரிவரச் செய்யாமல் போவதால்தான் நோய் எளிதில் பற்றுகிறது. ஆக, மூளை அழற்சி முழுவதுமே கெடுதல், அதை எவ்வளவு அடக்கினாலும் நல்லது என்ற எளிய கணக்கு இங்கே பொருந்தாது. நோயின் தொடக்கத்தில் இந்த செல்கள் காவல் செய்கின்றன. பிற்பகுதியில் அவையே அழிவுக்கும் துணைபோகின்றன. எந்த நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் எளிய சோதனை அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் வரவில்லை.

தாவரச் சேர்மங்களுக்கு முன்பே, வீரியமும் அளவும் நன்கு தெரிந்த அழற்சி எதிர்ப்பு மருந்துகளைக் கொண்டு இந்த வழி சோதிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் குர்குமினைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் கருத்து. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் சுமார் 7,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2001-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஸ்டீராய்டு அல்லாத வலிநிவாரணிகளை இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்களுக்கு அல்சைமர் அபாயம் மற்றவர்களுக்கு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகவே இருந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் குடும்பத்தில் அல்சைமர் வரலாறு உள்ள, 70 வயது கடந்த 2,500-க்கும் மேற்பட்டோருக்கு நாப்ராக்சென், செலிகாக்சிப் ஆகியவற்றையும் மருந்தில்லா மாத்திரையையும் பிரித்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வு, இதயப் பாதுகாப்பு குறித்த கவலையால் 2004 டிசம்பரில் மாத்திரை கொடுப்பதை நிறுத்தியது. பின்தொடர்ந்து பார்த்ததிலும் பலன் உறுதிப்படவில்லை. நோய் வந்துவிட்டவர்களுக்கு இதே வகை மருந்துகளைக் கொடுத்த சோதனைகளும் தோற்றன. மூளைக்குள் நன்றாக நுழையக்கூடிய, மைக்ரோகிளியாவை அடக்கும் இயல்புள்ள மினோசைக்ளின் என்ற மருந்தை, லேசான அல்சைமர் உள்ள 544 பேருக்கு இரண்டு ஆண்டுகள் பிரிட்டனில் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் சரிவைத் தடுக்கவில்லை. வீரியம் மிக்க மருந்துகளுக்கே நேர்ந்த கதி இது. அழற்சி என்ற இலக்கு தவறானது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் அழற்சியைக் குறைக்கும் என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பலனை ஊகிக்க முடியாது என்பது தெளிவாகிறது.

இனித் தாவரச் சேர்மங்களுக்கு வருவோம். தாவரங்கள் பாலிஃபீனால், டெர்பீன், ஆல்கலாய்டு போன்றவற்றைப் பூச்சி, பூஞ்சை, புற ஊதாக் கதிர் ஆகியவற்றிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளவே உருவாக்குகின்றன. நம் மூளைக்காக அல்ல. நம் செல்களுக்குள் அவை போகும்போது பல இடங்களில் ஒட்டுகின்றன. அழற்சி மரபணுக்களை இயக்கிவிடும் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத்தைச் செல்லின் உட்கருவுக்குள் நுழையவிடாமல் தடுப்பது ஒரு வழி. செல்லின் தற்காப்பு நொதிகளைப் பெருக்கும் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தை விடுவிப்பது இன்னொன்று. ப்ரோக்கோலியிலிருந்து கிடைக்கும் சல்ஃபோரபேன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, என்.ஆர்.எஃப்.2-ஐப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்தி அதை நழுவச் செய்கிறது. முன்பு சொன்ன என்.எல்.ஆர்.பி.3 தொகுதி ஒன்றுகூடுவதைத் தடுப்பது மூன்றாவது. ஒரே சேர்மம் இத்தனை இடங்களில் வேலை செய்வது சிக்கலான நோய்க்குச் சாதகம் என்பார்கள் ஆர்வலர்கள். எல்லா இடத்திலும் லேசாக ஒட்டும் ஒன்று எந்த இடத்திலும் உறுதியாகப் பிடிக்காது என்பார்கள் மருந்து வேதியியலாளர்கள். நான் இரண்டாமவர் பக்கம்தான் சாய்கிறேன்.

குர்குமினை எடுத்துக்கொள்வோம், இதைப் பற்றித்தான் தரவு அதிகம். மஞ்சள் கிழங்கின் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு குர்குமின். 2001-ல், மனித அமிலாய்டு மரபணு பொருத்தப்பட்ட சுண்டெலிகளின் உணவில் இதைச் சேர்த்தபோது மூளையில் இன்டர்லூக்கின்-1 பீட்டா குறைந்தது, அமிலாய்டும் குறைந்தது. நம்பிக்கை பிறந்தது அங்கேதான்.

இப்போது ஒருவர் குர்குமின் கேப்சூலை விழுங்குகிறார் என்று வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள். அது நீரில் அநேகமாகக் கரைவதில்லை. பெரும்பகுதி குடலிலேயே தங்கி மலத்தோடு வெளியேறிவிடுகிறது. குடல் சுவரைத் தாண்டிய சிறுபகுதியை, குடல் சுவர் செல்களும் கல்லீரலும் உடனே குளுகுரோனைடு, சல்ஃபேட் ஆகியவற்றோடு பிணைத்து, நீரில் கரையும் கழிவாக மாற்றிவிடுகின்றன. அதிலும் தப்பியது இரத்தத்தில் நிலைத்திருக்கிறதா என்றால், இரத்தத்தின் காரத்தன்மையில், உடல் வெப்பநிலையில், புரதம் எதுவும் சேராத கரைசலில் குர்குமினின் 90 விழுக்காடு அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடுகிறது. கடைசியாக இரத்த-மூளைத் தடுப்பு. மூளையின் நுண்குழாய்களில் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகத் தைக்கப்பட்டது போல் நிற்கின்றன; போதாக்குறைக்கு, அன்னியப் பொருளைத் திரும்ப இரத்தத்துக்கே தள்ளிவிடும் பி-கிளைக்கோபுரதம் போன்ற வெளியேற்றிகளும் அங்கே உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது என்ன? அல்சைமர் நோயாளிகள் 36 பேருக்கு நாள்தோறும் 2 கிராம் அல்லது 4 கிராம் குர்குமினோ மருந்தில்லா மாத்திரையோ 24 வாரங்கள் கொடுத்து 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரத்தத்தில் மாற்றமடையாத குர்குமின் ஒரு மில்லிலிட்டருக்குச் சராசரியாகச் சுமார் 7 நானோகிராம் இருந்தது. வேதியியல் அலகில் இது 20 நானோமோலார் (1,000 நானோமோலார் ஒரு மைக்ரோமோலார்). அழற்சி தணிந்ததாகக் காட்டும் செல் வளர்ப்பு ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்தப்படுவது 5 முதல் 20 மைக்ரோமோலார் வரை, அதாவது இருநூற்றைம்பது முதல் ஆயிரம் மடங்கு. அதுவும் இரத்தத்தில் உள்ள அளவைக் கொண்டு போட்ட கணக்கு. மூளையில் இன்னும் குறைவாகவே இருக்கும். அந்த ஆய்வில் நினைவாற்றலிலோ தண்டுவட நீரின் அளவுகளிலோ மாற்றம் தெரியவில்லை. அதற்கு முன் 2008-ல் ஹாங்காங்கில் 34 பேரிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வும் பலன் காட்டவில்லை.

உறிஞ்சுதலைக் கூட்ட வழிகள் உண்டு. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராமை 2 கிராம் குர்குமினோடு கொடுத்தபோது மனிதர்களில் இரத்த அளவு 20 மடங்கு கூடியது என்று 1998-ல் ஓர் ஆய்வு சொன்னது. விளம்பரங்களில் வரும் 2000 விழுக்காடு என்ற எண் இதுதான். 20 மடங்கு என்பது பெரிதாகத் தெரியும், ஆனால் அடித்தளம் பூஜ்யத்துக்கு மிக அருகில் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நுண்துகளாக்கப்பட்ட குர்குமினை 90 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை 18 மாதங்கள் கொடுத்த ஆய்வு ஒன்று 2018-ல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்தது. நினைவாற்றல் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது, மூளைப் படத்திலும் சில பகுதிகளில் மாற்றம் இருந்தது. இந்த முடிவை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் பங்கேற்றவர்கள் 40 பேர் மட்டுமே, அவர்களில் யாருக்கும் டிமென்ஷியா கிடையாது. உங்கள் தாயாரின் நிலைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆய்வுகள் முழுவதையும் அலசி, இது சோதனைக் குழாயில் பல கருவிமுறைகளை ஏமாற்றிப் பொய்யான பலனைக் காட்டும் இயல்புடையது, நிலையற்றது, நல்ல மருந்துக்கான பண்புகள் இல்லாதது என்று எழுதினார்கள். குர்குமின் துறையில் முன்னணியில் இருந்த ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் பல, படங்கள் குறித்த ஐயங்களால் இதழ்களிலிருந்து திரும்பப் பெறப்பட்டதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

ரெஸ்வெராட்ராலின் கதை இதைவிடச் சுவையானது, ஏனெனில் அங்கே ஏதோ நடந்தது. சிவப்புத் திராட்சைத் தோலிலும் வேறு சில தாவரங்களிலும் உள்ள இச்சேர்மத்தை, லேசான முதல் மிதமான அல்சைமர் உள்ள 119 பேரிடம் 52 வாரங்கள் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு 500 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 2 கிராம் வரை ஏற்றினார்கள். திராட்சையிலிருந்து இந்த அளவைப் பெற முயல்வது நடக்காத காரியம். சேர்மமும் அதன் வழிப்பொருள்களும் தண்டுவட நீரில், மிகக் குறைந்த அளவிலேனும், கண்டறியப்பட்டன. பின்னர் ஒரு பகுதியினரின் மாதிரிகளை ஆராய்ந்தபோது, இரத்த-மூளைத் தடுப்பைச் சிதைக்கக்கூடிய எம்.எம்.பி.-9 என்ற நொதி தண்டுவட நீரில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அழற்சியில் ஓர் அசைவு உண்டாக்கியது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே ஆய்வில், ரெஸ்வெராட்ரால் எடுத்தவர்களின் மூளையின் பருமன் மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகமாகச் சுருங்கியது. வீக்கம் வடிந்ததால் சுருங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அப்படியும் இருக்கலாம், திசு இழப்பாகவும் இருக்கலாம், படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். குமட்டல், வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு ஆகியவையும் பதிவாயின. ஏற்கெனவே எடை இழக்கும் போக்குள்ள நோயாளிகளுக்கு எடைக்குறைவு சிறிய விஷயமில்லை. இது பாதுகாப்பைச் சோதிக்கவே வடிவமைக்கப்பட்ட ஆய்வு. நினைவாற்றல் பலனை நிறுவும் அளவுக்குப் பெரியது அன்று.

குவெர்செடின் என்ற தாவரச் சேர்மத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி போதும். முதுமையடைந்து அழற்சிப் பொருள்களைக் கசியவிடும் செல்களை நீக்கும் நோக்கில், தசாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தோடு குவெர்செடினையும் சேர்த்து ஐந்து அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்த முன்னோட்ட ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இரத்தத்தில் இரண்டுமே இருந்தன. தண்டுவட நீரைப் பரிசோதித்தபோது தசாட்டினிப் நான்கு பேரிடம் தென்பட்டது. குவெர்செடின் ஒருவரிடமும் தென்படவில்லை.

ஜிங்கோ இலைச்சாறு பற்றிய விடை இன்னும் உறுதியானது. 75 வயது கடந்த 3,069 பேருக்குத் தரப்படுத்திய சாற்றை 120 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை கொடுத்துச் சராசரியாக ஆறு ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வும் (2008), 2,800-க்கும் மேற்பட்டோரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த பிரெஞ்சு ஆய்வும் (2012), அது அல்சைமரைத் தடுக்கவில்லை என்றே முடித்தன. கோகோ ஃப்ளாவனால்களைப் பெரிய அளவில் சோதித்த ஆய்விலும் ஒட்டுமொத்த அறிவாற்றலில் பலன் காணப்படவில்லை.

வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா எனப்படும் அஸ்வகந்தா ஆகிய மூன்றும் நினைவாற்றலோடு தொடர்புபடுத்தி நெடுங்காலம் பேசப்பட்டவை என்பதால் அவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வல்லாரையின் ஏசியாட்டிக் அமிலமும் கெஃபியோயில்குயினிக் அமிலங்களும் என்.ஆர்.எஃப்.2 வழியைத் தூண்டுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதர்களில் நடந்தவை பெரும்பாலும் அளவையும் பாதுகாப்பையும் கணிக்கும் தொடக்கநிலை ஆய்வுகள். நீர்ப்பிரமிச் சாற்றை நாளுக்கு 300 மில்லிகிராம் அளவில் சுமார் 12 வாரங்கள் கொடுத்த சில ஆய்வுகளில், நோயில்லாதவர்களுக்குச் சொற்களை நினைவுகூர்வதில் சிறு முன்னேற்றம் கிடைத்தது. வயிற்றுப் பிடிப்பும் அடிக்கடி மலம் போவதும் அதன் பக்கவிளைவுகள். அஸ்வகந்தா பற்றிய 2012-ஆம் ஆண்டு இந்திய ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது: வேர்ச்சாறு கொடுத்த சுண்டெலிகளில் மூளை அமிலாய்டு குறைந்தது, ஆனால் அதற்குக் காரணம் மூளையில் நடந்த மாற்றம் அன்று; கல்லீரலில் அமிலாய்டை உறிஞ்சும் ஓர் ஏற்பி பெருகியதால் இரத்தம் வழியாக அமிலாய்டு வெளியே இழுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். சேர்மம் மூளைக்குள் நுழைந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வழி இது. அழகான கருத்து. அல்சைமர் நோயாளிகளிடம் அது நிறுவப்படவில்லை என்பதும் உண்மை.

மூளைக்கு வெளியிலிருந்தே மூளையின் அழற்சியை மாற்றலாமா என்ற இந்தக் கேள்விதான் இப்போது குடல் நுண்ணுயிர்களை நோக்கிப் பலரைத் திருப்பியிருக்கிறது. மாதுளையிலும் சில கொட்டை வகைகளிலும் உள்ள எல்லாஜிடானின்களை உடல் நேரடியாக உறிஞ்சுவதில்லை. குடல் பாக்டீரியா அவற்றை உடைத்து யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறுகளாக்குகிறது, அதுவே இரத்தத்தில் சேருகிறது. இந்தப் பாக்டீரியா எல்லோரிடமும் இருப்பதில்லை. ஒரே பொருளை உண்ட இருவரில் ஒருவருக்கு யூரோலித்தின் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. தாவரச் சேர்ம ஆய்வுகளின் முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக வருவதற்கு இது ஒரு காரணம். குடல் வழி அழற்சியைக் குறைக்கும் என்ற கருதுகோளோடு, பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த ஒலிகோமேனேட் என்ற மருந்துக்குச் சீனா 2019 நவம்பரில் நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. அதன் பன்னாட்டுச் சோதனை 2022-ல் பாதியில் நிறுத்தப்பட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தாவரங்களால் அல்சைமருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். இன்று மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துகளில் கேலன்டமைன் ஸ்னோடிராப் என்ற பூச்செடியின் குடும்பத்திலிருந்து வந்தது. 1950-களில் சோவியத் நாட்டிலும் பல்கேரியாவிலும் ஆராயப்பட்டு, 2001-ல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி பெற்றது. ரிவாஸ்டிக்மைன், ஆப்பிரிக்கக் கலபார் அவரையிலுள்ள ஃபைசோஸ்டிக்மைனை முன்மாதிரியாகக் கொண்டு வேதியியலாளர்கள் வடிவமைத்தது. இரண்டும் அசெட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தி சிதைவதைத் தடுத்து அறிகுறிகளை ஓரளவு தணிக்கின்றன. அசெட்டைல்கோலின், எதிர்ப்பு செல்களிலுள்ள ஆல்ஃபா-7 ஏற்பியின் வழியாகச் சைட்டோகைன் சுரப்பை அடக்கும் என்பது தெரிந்த செய்தி. ஆகையால் இம்மருந்துகளுக்கு அழற்சியைத் தணிக்கும் பண்பும் சிறிது இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். நான் கவனிக்கும் வேறுபாடு இதுதான்: வெற்றி பெற்றவை சாறாகவோ பொடியாகவோ வெற்றி பெறவில்லை. ஒரு மூலக்கூறு, ஓர் இலக்கு, மூளைக்குள் நுழையும் தன்மை, அளந்து கொடுக்கும் அளவு என்ற நான்கும் அவற்றில் கூடிவந்தன. அதே பாதையில் குர்குமினின் எலும்புக்கூட்டை மாற்றி ஜே147 என்ற சேர்மத்தையும், ஃபிசெட்டின் என்ற தாவரச் சேர்மத்தை மாற்றி சி.எம்.எஸ்.121 என்ற சேர்மத்தையும் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தினர் உருவாக்கியிருக்கிறார்கள். தாவரம் சொல்லிக்கொடுத்ததைக் கொண்டு, அது செய்யாமல் விட்டதைச் செய்ய முயல்வது இது. எனக்கு நம்பிக்கை இருப்பது இந்தத் திசையில்தான்.

அடுத்த முறை அழற்சியைக் குறைக்கும் மூலிகை என்று ஒரு செய்தியைப் படிக்கும்போது, சோதித்தது செல்லிலா, சுண்டெலியிலா, நோயாளியிடமா என்று முதலில் பாருங்கள். சுண்டெலி என்றால், நோய் முற்றுவதற்கு முன்பே கொடுக்கத் தொடங்கினார்களா என்று பாருங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் அப்படித்தான் நடக்கிறது. அந்தச் சுண்டெலிகளில் பெரும்பாலானவை, மனிதர்களில் மிகச் சிலருக்கே உள்ள பரம்பரை அல்சைமர் மரபணுவைச் சுமப்பவை. முதுமையில் வரும் சாதாரண அல்சைமரின் நகல் அல்ல. நோயாளியிடம் சோதித்தார்கள் என்றால், அளந்தது இரத்தத்திலுள்ள ஏதோ ஒரு குறியீட்டையா, அன்றாட வாழ்க்கையில் தெரிந்த மாற்றத்தையா என்பதே முக்கியம்.

உங்கள் இரண்டாவது கேள்வி: கொடுத்துப் பார்க்கலாமா? உணவில் வழக்கமாகச் சேரும் அளவு மஞ்சள், மிளகு, கீரை, பழம் எதற்கும் நான் தடை சொல்ல மாட்டேன். நான் எச்சரிப்பது செறிவூட்டப்பட்ட கேப்சூல்களைப் பற்றி. மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய தொகுப்பு அமெரிக்காவில் 2022-ல் வெளியானது. பத்துப் பேரில் ஏழு பேரிடம் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பு மரபணு வகை இருந்தது, ஒருவர் இறந்தார். அரிதான பாதிப்புதான், ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அஸ்வகந்தாவுக்கும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. அது தைராய்டு சுரப்பைக் கூட்டலாம், தூக்கக் கலக்கத்தையும் தரலாம். முதியவர் தூக்கக் கலக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது எந்த அழற்சியையும்விட உடனடியான ஆபத்து.

மருந்துகளோடு மோதுவதையும் பாருங்கள். தாயாருக்கு டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், கேலன்டமைன் இவற்றில் ஒன்று கொடுக்கப்பட்டு வந்தால், நினைவாற்றல் கேப்சூல் என்று விற்கப்படுபவற்றில் ஹுப்பெர்சின்-ஏ இருக்கிறதா என்று உறையில் கட்டாயம் படியுங்கள். அதுவும் தாவரத்திலிருந்து வந்ததுதான், இம்மருந்துகளைப் போலவே, அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத்தான் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம், மயக்கம் வரலாம். பைப்பரின் குர்குமினை மட்டும் தேர்ந்தெடுத்து உறிஞ்ச வைப்பதில்லை. கல்லீரலின் மருந்துச் சிதைப்பு நொதிகளைத் தடுப்பதன் வழியாக மற்ற மருந்துகளின் இரத்த அளவையும் ஏற்றக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஜிங்கோவும் அதிக அளவு குர்குமினும் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். லெகனமாப் போன்ற அமிலாய்டு எதிர்ப்பு ஊசி பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனெனில் அந்த ஊசிக்கே மூளையில் வீக்கமும் நுண்கசிவும் ஏற்படுத்தும் இயல்பு உண்டு.

ஏற்கெனவே ஏதேனும் கேப்சூல் கொடுக்கத் தொடங்கியிருந்தால், அதன் உறையை அடுத்த சந்திப்பில் நரம்பியல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். பெயரை மட்டும் சொன்னால் போதாது, உள்ளே என்னென்ன எத்தனை மில்லிகிராம் என்பதுதான் அவருக்குத் தேவை. கல்லீரல் நொதிப் பரிசோதனையையும் நாடித்துடிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, பசி அறவே போவது, எழுந்து நிற்கையில் தள்ளாடுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் கேப்சூலை உடனே நிறுத்திவிட்டு, சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.